கையை எடுத்தால் அணையும் நெருப்பு

அத்தியாயம் 3

“நாளைக்குக் காலையில கல்யாணம். கேக் இன்னும் மாவாவே கிடக்கு. நடுவுல ஒரு நல்ல மனுஷன் தெருவுக்குப் போகப் போறான், தங்கச்சி!”

மூன்று மாடி ஏறி வந்த இரைப்பு அடங்காமல் சிலுவைமுத்து இப்படிச் சொன்னபோது, ஆல்பின் மொஹிங்கா என்ற மீன்சாற்று நூடுல்ஸ் கிண்ணத்தின் அடியில் கடைசி வாழைத்தண்டைத் தேடிக்கொண்டிருந்தார். தேடும் வேலையில் அவருக்கு மனமார வருவது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஜைனப்பின் உபத்திரவத்தால் நடப்பவை.

போட்டாதாங் படகுத்துறைக்கு இரண்டு தெரு உள்ளே ஜைனப் நடத்தியது, பேருக்குத் தட்டச்சுக் கடை. வாசல் பலகையில் ‘மனு, விண்ணப்பம், தட்டச்சு’ என்று மட்டும்தான் இருக்கும். துப்பறியும் நிலையம் என்றே எழுதி வைக்கலாமே என்று ஆல்பின் ஒருதரம் கேட்டார். “வைக்கலாம் அண்ணே. மறுநாளே நம்மளைத் துப்பறிய ஆள் வரும்” என்றாள். 1996-ஆம் வருஷத்து ரங்கூனில் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். ஆல்பினும் கேட்கவில்லை. கப்பல் கம்பெனியில் முப்பது வருஷம் குமாஸ்தாவாய் இருந்தவருக்கு எப்போது வாயை மூட வேண்டும் என்று தெரியும். மற்ற நேரமெல்லாம் திறந்தே வைத்திருப்பார்.

“உட்காருங்க அண்ணே. தெருவுக்குப் போறது யாரு?” என்றாள் ஜைனப்.

“கார்த்திகேசன். எங்க வண்டி டிரைவர். மூணு வருஷமா வண்டியிலயே படுத்துக் காவல் காக்குறான். அவனுக்கு வேற போக்கிடம் கிடையாது. மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள பெட்டியைத் தூக்கிட்டுப் போயிரணும்னு மக்தலேனா சொல்லிட்டா.”

மக்தலேனா என்றால் சிலுவைமுத்துவின் மனைவி. அவள் கேக்கைத் தின்னாத நாக்கு போட்டாதாங்கில் இல்லை. அந்த வண்டியும் ஊரறிந்த வண்டிதான். எண்ணெய் தேடி வந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, எண்ணெய் அகப்படாமல் கப்பலேறியபோது விட்டுப்போன வீட்டு வண்டி அது. உள்ளேயே படுக்கை, தண்ணீர்த் தொட்டி, கேஸ் அடுப்பு, அடுப்புக்குக் கீழே கேஸ் ஓவன். மின்சாரம் வருவதும் போவதுமாய்க் கண்ணாமூச்சி ஆடும் ஊரில் கேஸ் ஓவன் கிடைத்தால் விடுவாளா? வண்டியை அப்படியே பேக்கரி ஆக்கிவிட்டாள்.

“அந்த ஓவன்ல பைலட்டுன்னு குட்டிச் சுடர் ஒண்ணு இருக்கும். அது நின்னாத்தான் பெரிய நெருப்பு பத்தும். ஒன்பது நாளா அது நிக்க மாட்டேங்குது. பத்த வெச்சா எரியுது, கையை எடுத்தா அணையுது. ரெண்டு மெக்கானிக் வந்து பார்த்துட்டுத் தலையைச் சொறிஞ்சுட்டுப் போயிட்டாங்க” என்றார் சிலுவைமுத்து.

“அதுக்கும் டிரைவருக்கும் என்ன சம்பந்தம்?”

“ஷ்வேப்யிதாவுல தஸ்தகீர்னு ஒருத்தர் புது பேக்கரி திறக்குறார். கார்த்திகேசனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கார். அவருக்காக இவன்தான் நம்ம ஓவனைக் கெடுத்துட்டான்னு மக்தலேனா அடிச்சுச் சொல்றா. அவன் செய்யலை தங்கச்சி. சத்தியமா செய்யலை. வண்டிக்குள்ள ஒரு தூசி தும்பு கிடையாது. உள்ள இருக்கிற செம்புக் குச்சி வரைக்கும் பளபளன்னு இருக்கு. அப்படியும் நெருப்பு நிக்கலைன்னா...” சட்டைக்குள் கிடந்த சிலுவையைத் தொட்டுக்கொண்டார். “இது மனுஷ வேலைதானான்னே சந்தேகமா இருக்கு.”

“பேய்க்கு கேக் பிடிக்காதா என்ன?” என்றார் ஆல்பின்.

ஜைனப் சிரிக்கவில்லை. தட்டச்சு யந்திரத்துக்கு உறை போட்டாள். “நீங்க முன்னாடி போங்க. நாங்க பின்னாலயே வர்றோம்.”

அவர் படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததும், “ஆல்பின் அண்ணே, இவர் கெஞ்சுறது டிரைவருக்காக மட்டும்தானா?” என்றாள்.

“பின்னே? பெண்டாட்டிகிட்ட நேராப் பேசப் பயந்து நம்மகிட்ட வந்திருக்கார். உலகத்துல பாதி ஆம்பளை அப்படித்தான். மீதிப் பாதி கல்யாணம் ஆகாதவன்.”

*

ஸ்ட்ராண்ட் ரோட்டுக் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு முற்றம். நடுவில் வெள்ளை வண்டி, சாதுவான யானைபோல நின்றது. பக்கத்தில் வெயிலில் ஒரு தகரப் பெட்டி. பெட்டிமேல் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். முகம் இருண்டு கிடந்தது.

“நீதான் கார்த்திகேசனா?”

“ஆமாங்க.”

“தஸ்தகீர் கூப்பிட்டது உண்மையா?”

“கூப்பிட்டாருங்க. வரலைன்னுட்டேன். அதை அக்காகிட்டச் சொன்னேன், நம்பலை. மூணு வருஷம் இந்த வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டேன். இதோட குரல்வளையை நானே நெரிப்பேனா?”

வண்டிக்குள் மக்தலேனா, முழங்கை வரை மாவோடு, மூன்று கேக் அச்சுகளுக்கு எதிரே நின்றாள். மரப்பட்டையைச் சந்தனம்போல அரைத்துக் கன்னத்தில் பூசிய மஞ்சள் தனக்கா வேர்வையில் கோடு கோடாக வழிந்திருந்தது.

“வாங்கம்மா, வாங்க! எங்க வீட்டுக்காரர் துப்பறிய ஆள் கூட்டிட்டு வந்திருக்காரா? துப்பறிய என்ன இருக்கு? வண்டிச் சாவி ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல, இன்னொண்ணு அவன்கிட்ட. புத்த விரத மாசம் மூணும் ஒரு கல்யாணம் கிடையாது. ஈ ஓட்டிட்டு உட்கார்ந்திருந்தேன். தடிஞ்ஜுட் விளக்குத் திருவிழா முடிஞ்சு முதல் ஆர்டர், மாவ்பி நெல் மில்காரர் வீட்டுக் கல்யாணம். சின்ன ஓவன், ஒவ்வொரு அடுக்கா வேகணும். ரெண்டு மணிக்கு முதல் அடுக்கு உள்ள போகலைன்னா என் பேரை மறந்துர வேண்டியதுதான்!”

“அக்கா, ஒருதரம் பத்த வெச்சுக் காட்டுங்க” என்றாள் ஜைனப்.

மக்தலேனா குனிந்தாள். குமிழை அமுக்கிப் பிடித்துக்கொண்டு தீக்குச்சியை நீட்டினாள். உள்ளே நீலமாய் ஒரு குட்டிச் சுடர் எழுந்தது. அமுக்கிய விரல் அமுக்கியபடி இருக்க, சுடர் அசையாமல் நின்றது. அரை நிமிஷம் ஆயிற்று. விரலை எடுத்தாள். ‘டக்’. சுடர் போய்விட்டது.

“நாலு நிமிஷம் பிடிச்சும் பார்த்தாச்சு. இதே கதிதான்.”

“என் பையன் மாதிரி இருக்கு. பக்கத்துல நின்னாத்தான் படிப்பான்” என்றார் ஆல்பின்.

“காத்து அடிச்சு அணையலை. கேஸ் தீர்ந்தும் அணையலை” என்றாள் ஜைனப். “ரெண்டும் காரணம்னா கை இருக்கும்போதே அணைஞ்சிருக்கும். கையை எடுத்த அப்புறம் இதைத் திறந்து வைக்க வேண்டியது எதுவோ, அது வேலை செய்யலை. வண்டியோட வந்த புத்தகம் ஏதாவது இருக்கா?”

டிரைவர் இருக்கைக்கு எதிரே இருந்த அறைக்குள் புத்தகம் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. மூன்று வருஷமாக ஒருவரும் தொடாத புத்தகம். ஆல்பின் உறையைக் கிழித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் எதற்குத்தான் உதவும்? இப்படி ஒரு நாளைக்குத்தான்.

“சுடருக்குப் பக்கத்துல விரல் மாதிரி ஒரு செம்புக் குச்சி இருக்குமாம். சுடர் பட்டு அது சூடாகணுமாம். சூடா இருக்கிறவரைக்கும் கேஸ் குழாய் திறந்திருக்கும். சூடு இல்லேன்னா, நெருப்பு அணைஞ்சிருச்சுன்னு நினைச்சு அதுவே குழாயை மூடிரும். வெடிக்காம இருக்கக் காவல்காரனாம் ஜைனப்பம்மா.”

“அப்போ நெருப்பு எரியும்போதே காவல்காரனுக்குச் சூடு உறைக்கலை. ஏன்னு பார்ப்போம். அண்ணே, குனிங்க.”

“என் முழங்கால் போன வருஷமே ஓய்வு வாங்கிருச்சும்மா.”

“பென்ஷன் நான் தர்றேன். குனிங்க.”

ஓவனுக்கு அடியில் ஒரு தகடு. நாலு திருகாணி. ஆல்பின் ஊஹும் ஆஹா என்று முனகிக்கொண்டே கழற்றினார். முனகியதுதான் மிச்சம், திருகாணிகள் வெண்ணெயில் செருகினதுபோல வந்துவிட்டன. ஜைனப் அதைப் பார்த்தாள்.

“இந்தத் தகட்டை இதுக்கு முன்னாடி யாராவது கழட்டினாங்களா அக்கா?”

“யாரும் கழட்டலை. மெக்கானிக்குங்க சிலிண்டரையும் ரெகுலேட்டரையும்தான் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. நானே உள்ள என்ன இருக்குன்னு பார்த்தது கிடையாது.”

டார்ச்சும் முகம் பார்க்கும் கண்ணாடியுமாய் ஆல்பின் தலையை உள்ளே விட்டார். “செம்பு விரல் இருக்கு. ஆனா இதென்ன? நுனியில கரிக்கட்டை மாதிரி ஒட்டியிருக்கு. அப்பின மாதிரி!”

கத்தி முனையால் சுரண்டிக் காகிதத்தில் எடுத்தார். மேலே கறுப்பு. அடியில் காய்ந்த மஞ்சள். கழற்றிய தகட்டை ஜைனப்பின் கையில் கொடுக்கத் திருப்பினார். அதன் உள்பக்கத்தில், நெருப்பு படாத ஓரத்தில், வட்டமாய் ஒரு மஞ்சள் பொட்டு. நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.

மக்தலேனா தகட்டைப் பிடுங்கினாள்.

“சந்தனம், குங்குமம்! நெருப்பு என்னைக்கு அணைஞ்சுது? திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயித்துக்கிழமை ஆயுத பூஜை! நான் மாவ்பிக்கு ஆர்டர் பேசப் போயிருந்தேன். நான் இல்லாத நேரம் பார்த்து என் ஓவனைப் பிரிச்சு மேஞ்சிருக்கான். இன்னும் என்னம்மா துப்பறியணும்?”

சத்தம் கேட்டுக் கார்த்திகேசன் வாசலில் வந்து நின்றான்.

“டேய், நீ ஆயுத பூஜை பண்ணினியா இல்லையா? மறைக்காமச் சொல்லு!”

“பண்ணினேன் அக்கா. காளியம்மன் கோயில்ல இருந்து சந்தனம், குங்குமம் வாங்கிட்டு வந்து ஸ்டியரிங்குக்கு வெச்சேன். என் தொழில் அதுதானே. ஓவன் பக்கமே போகலை.”

ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்தது பொட்டு. மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு. அச்சு அசல் அதே மாதிரி.

காப்பாற்ற வந்து கழுத்தில் கயிற்றை மாட்டியாயிற்று. மணி ஒன்றேகால். கார்த்திகேசன் இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து மாவு மேஜைமேல் வைத்தான். “கெடுக்கணும்னு நினைச்சவன்னு மட்டும் சொல்லாதீங்க அக்கா” என்றான். கண் கலங்கிவிட்டது. சுவரோரமாக நின்ற சிலுவைமுத்து சட்டைக்குள் கிடந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

ஜைனப் மட்டும் தகட்டைத் திரும்ப வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒரு எலுமிச்சம்பழம் இருக்கா?”

“இப்போ சர்பத் ஒண்ணுதான் குறைச்சல்!” என்றாள் மக்தலேனா. கேட்டவளுக்கு இல்லையென்று சொல்லத் தெரியாத கை, பழத்தை எடுத்துக் கொடுத்தும் விட்டது.

பாதிப் பழத்தோடு ஜைனப் ஸ்டியரிங் பக்கம் போனாள். சிவப்புப் பொட்டில் ஒரு சொட்டுப் பிழிந்தாள். எல்லார் கண்ணெதிரே சிவப்பு மங்கி, மஞ்சளாய் மாறிற்று.

“ஆத்தாடி!” என்றார் ஆல்பின்.

“நல்ல குங்குமம்னா மஞ்சளும் சுண்ணாம்பும். புளிப்பு பட்டா மறுபடி மஞ்சளாத்தான் ஆகும். இப்போ இதைப் பாருங்க.”

தகட்டுப் பொட்டில் ஒரு சொட்டு விழுந்தது. மஞ்சளாகவில்லை. சிவப்பு கரைந்து, ரோஸ் நிறமாக வழிந்து, ஜைனப்பின் விரலில் ஒட்டிக்கொண்டது. விரலை மக்தலேனாவிடம் நீட்டினாள்.

“இந்த நிறத்தை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா அக்கா?”

மக்தலேனா பார்த்தாள். பிறகு தன் தலைக்கு மேலே அலமாரியில் இருந்த சின்ன டப்பாவைப் பார்த்தாள். கேக்கின்மேல் ரோஜாப்பூ வரைய அவள் கரைக்கிற கலர்.

“மோந்தும் பாருங்க. ஸ்டியரிங்குல இருக்கிறது சந்தன வாசம். தகட்டுல இருக்கிறது உங்க கன்னத்துல இருக்கிற வாசம். தனக்கா” என்றாள் ஜைனப். “கோயில் சந்தனத்தையும் குங்குமத்தையும் கையில வெச்சிருக்கிறவன், தனக்காவையும் கேக் கலரையும் எதுக்குத் தேடுறான்? ரெண்டும் இல்லாத வீட்டு ஆள்தான், கிடைச்சதை வெச்சுப் பொட்டு வெச்சிருக்கணும்.”

“ஏம்மா, நானா வெச்சேன்ங்கிறே? மாதா கோயில் பாடகர் குழுவுல இருக்கிறவ நானு!”

“நீங்க இல்லை. ஞாயித்துக்கிழமை மாவ்பி போனப்போ உங்க சாவி எங்கே இருந்துச்சு?”

“வீட்டுல. பீரோ மேலே.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரல் தேய்ந்தது.

“இன்னைக்கு எங்க மாடியில உட்கார்ந்து ஒருத்தர் சொன்னார், உள்ள இருக்கிற செம்புக் குச்சி வரைக்கும் பளபளன்னு இருக்குன்னு. புத்தகத்தை யாரும் பிரிக்கலை, தகட்டை யாரும் கழட்டலை. அப்புறம் செம்புக் குச்சி இருக்கிறது அவர் கண்ணுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

நுணலும் தன் வாயால் கெடும். ஆல்பின் மெல்லத் திரும்பிப் பார்த்தார். சிலுவைமுத்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

“நான்தான் மக்தலேனா” என்றார்.

மக்தலேனா அவர் பக்கம் திரும்பினாள்.

“உன்னைக் கட்டிக்கத்தானே நான் ஞானஸ்நானம் வாங்கினேன். எங்கப்பா இதே படகுத்துறையில மூட்டை தூக்கினவர். வருஷா வருஷம் மூட்டைக் கொக்கிக்குப் பொட்டு வெச்சுட்டுத்தான் சோத்துல கை வைப்பார். அன்னைக்கு முந்தின ராத்திரி நீ ஓவன்மேல தலையைச் சாய்ச்சு அழுதே, மூணு மாசமா ஒரு ஆர்டர் இல்லேன்னு. எனக்கு மனசு தாங்கலை. எந்தச் சாமி பார்த்தாலும் சரின்னு, இவன் கோயிலுக்குப் போன நேரமாச் சாவியை எடுத்துட்டு வந்தேன். எல்லாத்தையும் துடைச்சு, உன் தனக்காக் கல்லுல அரைச்சு, தகட்டைக் கழட்டி, வெளியே தெரியாத இடமாப் பார்த்து வெச்சேன். சின்ன விரலாட்டம் அது ஒண்ணு நின்னுச்சு. எல்லாத்துக்கும் வெச்சுட்டு அதை மட்டும் விட்டா கோவிச்சுக்குமேன்னு, கொஞ்சம் தாராளமாவே அப்பிட்டேன்.”

“நல்லாத்தான் அப்பியிருக்கீங்க” என்றார் ஆல்பின். “காவல்காரனுக்குக் கம்பளியே போர்த்தியிருக்கீங்க. அவனுக்கு எப்படிச் சூடு உறைக்கும்?”

“மறுநாள் நெருப்பு அணைஞ்சதும், ஆண்டவர்தான் கோவிச்சுக்கிட்டார்னு நினைச்சேன். சாமியார்கிட்டப் பாவத்தைச் சொல்லிரலாம்னு ரெண்டு தரம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில நின்னேன். என் முறை வர்றதுக்குள்ள திரும்பி வந்துட்டேன்.”

மக்தலேனா அவரையே பார்த்தாள்.

“பொட்டு வெச்சது கிடக்கட்டும். அதை நான் சாமியார்கிட்டப் பேசிக்கிறேன். இவன் செய்யலைன்னு ஒன்பது நாளா உங்களுக்குத் தெரியும். பெட்டியோட வெயில்ல உட்கார்ந்திருந்தான். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். வாயை மூடிட்டு நின்னீங்களே, அதுதான்யா பாவம்!”

அவள் கார்த்திகேசன் பக்கம் திரும்பினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள்.

“கார்த்திகேசா, நானும் யோக்கியமில்லை. தப்புப் பண்ணிட்டேன்ப்பா. மன்னிச்சுக்க.”

“அதெல்லாம் அப்புறம் அக்கா” என்றான் அவன். “மணி ஒன்றரை. நெருப்பு நிக்குதான்னு முதல்ல பாருங்க.”

ஆல்பின் சட்டைப் பையிலிருந்து நகவெட்டியை எடுத்தார். அதிலிருந்த குட்டி அரத்தால் செம்பு விரலை நோகாமல் உரசினார். துணியால் துடைத்தார். செம்பு சிவந்து மின்னிற்று. தகட்டை மாட்டியானதும் மக்தலேனா தீப்பெட்டியைக் கார்த்திகேசன் கையில் திணித்தாள்.

அவன் குமிழை அமுக்கினான். நீலச் சுடர் எழுந்தது. பத்து, இருபது என்று வாய்க்குள் எண்ணினான். முப்பது ஆயிற்று. நாற்பதும் ஆயிற்று. விரலை எடுக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

“எடுப்பா” என்றாள் ஜைனப்.

எடுத்தான்.

சுடர் நின்றது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அது பாட்டுக்கு எரிந்தது. பெரிய குமிழைத் திருப்பியதும் ‘புஸ்’ஸென்று ஓவன் முழுக்க நெருப்பு பரவிற்று.

“மாதாவே!” என்று மக்தலேனா நெஞ்சில் கை வைத்தாள். பிறகு, மாவு மேஜைமேல் கிடந்த சாவியை எடுத்துக் கார்த்திகேசனிடம் நீட்டினாள். அவன் உடனே வாங்கவில்லை. சாவியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

“மாவ்பிக்கு விடியக்காலை எத்தனை மணிக்குக் கிளம்பணும் அக்கா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.

“நாலு மணிக்கு. மெதுவா ஓட்டணும், மூணு அடுக்கு.” அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். “இந்தாங்க, அடுத்த வருஷமும் பொட்டு வைக்கணும்னு தோணிச்சுன்னா இவன்கிட்டக் கேட்டு நல்ல குங்குமமா வாங்கி, கதவுல வைங்க. ஓவனுக்குத் தனக்கா பூச அதென்ன கல்யாணப் பொண்ணா? என் கலர் டப்பாவைத் தொட்டீங்க, கையை ஒடிப்பேன்.”

“கேக் வெட்டும்போது உதிர்ற தூள், ஓரம் எல்லாம் என்ன பண்ணுவீங்க?” என்று ஆல்பின் ஆரம்பித்தார். ஜைனப் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

முற்றத்தில் தகரப் பெட்டி வெயிலில் கிடந்தது. அதை எடுக்கக் கார்த்திகேசன் படி இறங்குவதற்குள் சிலுவைமுத்து முந்திக்கொண்டார். வெள்ளைச் சட்டை கசங்குமே என்று பார்க்கவில்லை. துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தார். படகுத்துறையில் அவர் அப்பா தூக்கின மாதிரியே பெட்டியை ஒரே மூச்சில் தலைக்கு ஏற்றி, வண்டிக்குள் கொண்டுபோய், கார்த்திகேசனின் படுக்கைக்கு அடியில் வைத்தார்.